கொட்டிலில் இருந்து வந்த பதில்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பாதை திறந்து கிளிநொச்சி மூச்சுவிடத் தொடங்கிய காலம். அக்கராயன் போகும் வீதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். முன்னறை என் பட்டறைக்கு. பின்னால் தகரக் கொட்டிலுக்குள் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று கிடந்தது. அதைக் கண்டுதான் ஆசைப்பட்டேன்.

நான் கிருபன், நகை வேலை செய்கிறவன். பட்டறைகளில் கூட்டி அள்ளும் மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பொன் கிடக்கும். சயனைட் கரைத்த தண்ணீரில் அந்த மண்ணை ஊறவைத்தால் பொன் தண்ணீரோடு வந்துவிடும். வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டாலே சனத்துக்குப் போராளிகளின் கழுத்துக் குப்பிதான் நினைவு வரும். என் சங்கதி வேறு. பொன் எடுத்தபின் மிஞ்சும் சேறுதான் வில்லங்கம். அதைத் தொட்டிக்கு வெளியே விடக்கூடாது. சுண்ணாம்பு போட்டபடி இருக்கவேண்டும். புளிப்புப் படவே கூடாது. பட்டால் நஞ்சு காற்றாகக் கிளம்பும்.

அந்தக் காற்று கசப்பு வாதுமைப் பருப்புப் போல மணக்குமாம். சிலருடைய மூக்குக்கு அது பிடிபடாது, என் மூக்கும் அப்படித்தான். என் மனைவி கமலாசனிக்குப் பிடிபடும். நான் பட்டறையில் இருந்து "மணக்குதே?" என்று கேட்பேன். அவள் கொட்டில் வாசலில் நின்று "இல்லையப்பா" என்பாள். எங்கள் தொழில் நடந்த விதம் அதுதான்.

வீட்டுக்காரர் இளையதம்பி சாவி தரும்போதே சொன்னவர்.

"தம்பி, கொட்டிலைப் பூட்டி விடுங்கோ. முந்தி இங்க நகை வேலை செய்த வீரகத்தியின்ர மனிசி விமலேஸ்வரி அதுக்குள்ளதான் செத்தவா. இப்பவும் அங்க கதைச் சத்தம் கேக்குதாம்."

"செத்த ஆக்களால எனக்குக் கரைச்சல் இல்லை ஐயா. உயிரோட இருக்கிற ஆக்கள்தான் கரைச்சல்," என்றேன். எனக்கு எப்போதும் வாய் நீளம்.

இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் கமலாசனி முகம் வெளிறிப்போய் வந்து நின்றாள்.

"என்னப்பா, இப்ப மணக்குதோ எண்டு கேட்டனீங்களே?"

"ஓம். நீயும் இல்லை எண்டு சொன்னனிதானே."

"நான் வாயே திறக்கேல்லை."

"விசர்க்கதை கதையாதை."

"எனக்குப் பயமாக் கிடக்கப்பா. இந்த வேலையை விடுவம்."

இந்தச் சாக்கு மண் முடியட்டும் என்றேன். பாவி நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை. ஒரு தாலிக்கொடியைப் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்துத் துலக்கிக்கொண்டிருந்தேன். வெளியே மூன்று நாளாக விடாத மழை. துலக்கி முடிந்ததும் நகை வேலைக்காரனின் கை, சட்டியைத் தானாகவே கழிவுநீர் ஓடும் பட்டறைக் கானில் கவிழ்க்கும். என் அப்பன் அப்படித்தான் கவிழ்த்தார். நானும் கவிழ்த்தேன்.

கவிழ்த்த பிறகுதான் நினைவு வந்தது.

அந்தக் கான் தொட்டிக்குள் போகிறது. அடைக்கவேண்டும், அடைக்கவேண்டும் என்று நாளைக் கடத்தியிருந்தேன். மழையைச் சாட்டி அந்தக் கிழமை சுண்ணாம்பும் போடவில்லை.

"கமலா! மணக்குதே?"

"இல்லையப்பா. ஒண்டும் மணக்கேல்லை."

அவளுடைய குரல்தான். கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. தாலிக்கொடியை ஆறுதலாகத் துடைத்து, துணியில் சுற்றி வைத்தேன். மனம் கேட்காமல் இன்னொருமுறை கேட்டேன்.

"இல்லையப்பா."

மூன்றாம் தரம் கேட்டேன்.

பதில் என் கதிரைக்குப் பின்னால் இருந்து வந்தது.

திரும்பினேன். ஒருவரும் இல்லை.

ஓடினேன்.

கமலாசனி தொட்டியடியில் குப்புறக் கிடந்தாள். சுண்ணாம்பு வாளி பக்கத்தில் சரிந்து கிடந்தது. நான் செய்யாத வேலையைச் செய்யப் போயிருக்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்துப் போட்டேன். ஐயோ, அவளிடம் மூச்சே இல்லை.

"உடனயே வெளியில இழுத்திருந்தால் சில நேரம் தப்பியிருப்பா," என்றார் டொக்டர்.

செத்தவீட்டில் இளையதம்பி என் பக்கத்தில் குந்தினார்.

"வீரகத்தியும் உங்களைப் போல மணக்குதோ எண்டு கேட்டவனாம் தம்பி. இல்லை எண்டு பதில் வந்ததாம்."

"ஆற்ற குரலில?"

"மனிசியின்ர குரலிலதான். அவா அப்பவே செத்துக் கிடந்தவா."

நான் அந்த வீட்டை விட்டுப் போனேன். ஆறு மாதம் கழித்து, இன்னொரு நகைத்தொழிலாளி அங்கே குடிவந்து தொட்டியைக் கழுவி வேலை தொடங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கே சைக்கிளில் போனேன். படலையில் அவன் மனைவி நின்றாள். பெயர் சிவரூபியாம், சின்னப் பெட்டை.

"தங்கச்சி, அந்தக் கொட்டிலுக்குள்ள போகாதை. உன்ர மனிசன் பட்டறையில இருந்து கேட்டால்..."

நான் சொல்லி முடிக்கவில்லை. உள்ளே இருந்து அவன் கூப்பிட்டான்.

"ரூபி! மணக்குதே?"

அவள் பதில் சொல்ல வாய் எடுத்தாள்.

"இல்லையப்பா," என்றது கொட்டில்.

சிவரூபி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, உள்ள நிக்கிறது ஆர்?"

பன்னிரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளின் குரல் எனக்குத் தெரியாதா?