அழறதுக்கு ஃபோன் பண்ணாதே

"எனக்கு அத்தை கலந்த காபிதான் வேணும்!"

டம்ளரை நீட்டிய ருக்குவின் கை அப்படியே நின்றது. இரண்டு வருஷம் கழித்து ஜெர்மனியிலிருந்து லீவில் முந்தின நாள்தான் வந்திறங்கியிருந்தாள் ஸ்னேஹா. பெற்ற மகள்! ருக்கு டம்ளரை உள்ளே எடுத்துப் போனாள். கல்யாணமாகி வந்த அந்த ஒக்கலிபுரத்து வீட்டில் வாயைத் திறக்காமல் காலம் தள்ளுவது அவளுக்குக் கைவந்த கலை.

"வந்தவ இன்னும் சேவிக்கலையே... ருக்கு, இங்க வந்து நில்லு" என்று கூடத்திலிருந்து கூப்பிட்டார் சீனிவாசராகவன்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்க, பிள்ளைகள் விழுந்து சேவிப்பது அந்த வீட்டு வழக்கம். ருக்கு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா வேண்டாம்ப்பா. அத்தை, நீங்க வந்து நில்லுங்கோ!"

அத்தை வேதவல்லிக்கு வாயெல்லாம் பல். மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு இருந்தும் பாதி நாள் தம்பி வீட்டில்தான் அவள் அதிகாரம். ருக்கு நிற்க வேண்டிய இடத்தில் அத்தை போய் நின்றுகொண்டாள். மகளின் நெற்றி அந்தக் கால்களுக்கு முன்னால் தரையைத் தொட்டது.

இத்தனைக்கும் ருக்கு செய்த குற்றம் என்ன? குற்றம்தான்! படிக்கப் போன புதிதில் ஞாயிறு தவறாமல் ஃபோன் பண்ணி அழுதாள் ஸ்னேஹா.

"ரொட்டி கேக்கக்கூட பாஷை வரலைம்மா... கையக் காட்டித்தான் வாங்கறேன். உருளைக்கிழங்குன்னு நெனச்சு வாயில வெச்சா உள்ள மாமிசம்மா! க்ளாஸ்ல எல்லாரும் சிரிச்சதைப் பாத்துட்டுதான் நானும் சிரிக்கறேன்... நான் வந்துடறேம்மா!"

"அழறதுக்கு ஃபோன் பண்ணாதே!"

அவ்வளவுதான். ரிசீவரை வைத்துவிட்டாள் ருக்கு. அடுத்த ஞாயிறும் அதே கதை. அப்பாவிடம் கெஞ்சி டிக்கெட் கேட்டபோது, "உங்கம்மா கூடாதுங்கறா" என்று கை கழுவினார் அவர். ஸ்னேஹாவின் ஃபோன் மெல்ல மெல்ல நின்றுபோனது.

"நன்னா இரு!" என்று விழுந்து சேவித்த தம்பி மகளைத் தூக்கி நிறுத்தினாள் வேதவல்லி. பேச்சு அதோடு நின்றிருக்கலாம். நிற்குமா? "நீ அன்னிக்கே வந்திருந்தா என் மாட்டுப்பொண்ணா சேவிச்சிருப்பே. தை மாசத்துக்குச் சத்திரம்கூடப் பேசியாச்சு. படிப்பு போறும், என் பிள்ளை ப்ரஹ்லாத்துக்கு வேளைக்குச் சமைச்சுப் போட்டா ஆய்த்துன்னேன். ஒங்கப்பாவும் தலையாட்டிட்டான். இவதான் பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடந்து டிக்கெட்டை நிறுத்தினா. ராக்ஷசி!"

ஸ்னேஹா அத்தையின் கையை உதறினாள்.

"என் கல்யாணமா? எனக்கே தெரியாமயா? அப்பா...!"

சீனிவாசராகவன் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது ஏம்மா சொல்லலை?"

"சொன்னா சரின்னிருப்பே. ஆத்துக்கு வந்தாப் போறும்னு தவிச்சிண்டிருந்தே நீ..." என்றாள் ருக்கு. "நானும் மைசூர் ஹாஸ்டல்ல இங்கிலீஷ் பாடம் புரியலைன்னு அழுதேன்டி. எங்கம்மா நல்லவ. 'வந்துடுடி கண்ணே'ன்னா. வந்தேன். அடுத்த முகூர்த்தத்துலயே இந்தாத்துக்கு அனுப்பிட்டா. அப்புறம் நான் புஸ்தகத்தைத் தொட்டதே இல்லை."

"அதுக்காக இவ்வளவு கொடுமையாவாம்மா? அந்த ஃபோன் பூத்துலயே செத்துடலாம்னு நெனச்சேன்!"

"கொடுமைதான். ஒரு வார்த்தை கனிவாப் பேசியிருந்தா, அடுத்த வார்த்தை 'வந்துடு'ன்னு வந்திருக்கும். எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்லை."

ஸ்னேஹா அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லீவு முடியும்வரை அம்மா கலந்த காபியைக் குடித்தாள், அவ்வளவுதான். ஒருநாள் ஜெர்மன் சிநேகிதி யாரோ ஃபோனில் கூப்பிட, அந்த பாஷையில் கடகடவென்று பேசிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அடுப்படியில் நின்று கேட்ட ருக்குவுக்கு அது போதும் என்றிருந்தது. கிளம்புகிற அன்றும் மகள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு காலை ஃபோன் அடித்தது.

"அம்மா..." அதற்கு மேல் வெறும் தேம்பல்.

பழைய பயத்தில் ருக்குவின் கை தானாகவே ரிசீவரை இறக்கப் போனது.

"வெச்சுடாதேம்மா... இங்க ஒண்ணுமில்லை, நன்னாத்தான் இருக்கேன். அழறதுக்குத்தான் ஃபோன் பண்ணினேன்."

ருக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து வேதவல்லி, "ருக்கு, பால் பொங்கறது!" என்று கத்தினாள்.

பொங்கட்டும்.

"அழுடி கண்ணே" என்றாள் ருக்கு. "நான் வைக்கலை."