அறுநூற்று நாற்பது ஜிபி மாயம்!

“அய்யய்யோ...!”

செம்பாக்கம் ஏரிப் பக்கத்து ஸ்டூடியோவிலிருந்து கிளம்பிய அலறலில், எதிர் டீக்கடையில் பஜ்ஜி கடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது.

அலறியது ஹேமநாத். கல்யாண வீடியோ எடுப்பவன்.

அவனுக்கு எதிரே கம்ப்யூட்டர். திரையில் அவனுடைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். உள்ளே...

வெள்ளை! சுத்த வெள்ளை!

ஒரு ஃபோல்டர் இல்லை. ஒரு ஃபைல் இல்லை. நேற்று சாயந்திரம் ராஜகீழ்ப்பாக்கம் மண்டபத்தில் எடுத்த ரிசப்ஷன் வீடியோ மொத்தமும் காணோம்!

வேறு கல்யாணமாக இருந்தால் கையைக் காலைப் பிடித்துச் சமாளித்திருப்பான். இந்தக் கல்யாணத்தில் முடியாது.

மணப்பெண் தேவதர்ஷினியின் நகைப் பெட்டி, அலங்கார அறையிலிருந்து நேற்று திருட்டுப் போயிருந்தது. முப்பத்திரண்டு சவரன்!

பெண்ணின் அப்பா யேசுதாசன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

“அந்த ரூமுக்கு வந்து போன வெளியாளு நீ ஒருத்தன்தான் தம்பி...”

நகை காணாமல் போன நேரத்தில் ஹேமநாத் மேடையில் இருந்தான். அதற்கு ஒரே சாட்சி, அவன் எடுத்த வீடியோ. கேமரா கார்டுகளைக் காலையிலேயே காலி பண்ணி, கோவளத்தில் நடக்கும் இன்னொரு ஷூட்டிங்குக்கு அனுப்பியாயிற்று.

மிச்சமிருந்தது இந்த டிஸ்க்தான். அதுவும் போச்சு!

டிஸ்க்கைப் பிடுங்கினான். ஸ்கூட்டரை உதைத்தான்.

கேம்ப் ரோடு. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ் சத்யபிரியா, பிரித்துப் போட்ட லேப்டாப்புகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தாள்.

“என்ன ஹேம் அண்ணா, முகம் இப்படி வேர்த்திருக்கு?”

“என் வாழ்க்கையே போச்சும்மா! இதைப் பாரு...”

நகை திருட்டுப் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

சத்யபிரியா பதறவில்லை. கேபிளை மாற்றினாள். காலி! வேறு போர்ட்டில் சொருகினாள். காலி!

“கீழ போட்டீங்களா?”

“இல்லம்மா.”

“புதுசா ஏதாவது காப்பி பண்ணீங்களா?”

“இல்லவே இல்ல!”

“அது ஒண்ணுதான் நல்ல சேதி. மேல எதுவும் எழுதலைன்னா அழிஞ்சதைக்கூட எடுத்துடலாம்.”

மவுஸை ரெண்டு தரம் தட்டியவள், புருவத்தை உயர்த்தினாள்.

“அண்ணா... இதைப் பாருங்க. டிஸ்க் காலின்னு சொல்லுது. ஆனா அறுநூத்தி நாப்பது ஜிபி இடம் அடைச்சிருக்கு!”

“அப்படின்னா?”

“வீட்டுல ஆள் இருக்கு, கதவைத் திறக்கலைன்னு அர்த்தம். ஃபைலெல்லாம் உள்ளதான் இருக்கு. யாரோ மறைச்சு வெச்சிருக்காங்க!”

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினாள்.

எண்டர்!

சரசரவென்று மஞ்சள் ஃபோல்டர்கள் வந்து விழுந்தன. ஹேமநாத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“தெய்வமே...!”

“இருங்க, கும்பிடுறதை அப்புறம் வெச்சுக்கலாம். இதுல நூத்தி நாப்பத்தேழு இருக்கு. நூத்தி நாப்பத்தொன்பது இருக்கு. நடுவுல ஒண்ணு எங்க?”

இல்லை. நூற்று நாற்பத்தெட்டாம் நம்பர் வீடியோ மட்டும் இல்லை!

“நிஜமா அழிச்சது அதை மட்டும்தான். அந்த ஒண்ணு குறையுறது தெரியக் கூடாதுன்னு மத்த எல்லாத்தையும் மறைச்சிருக்கான். டிஸ்க் செத்துப்போச்சுன்னு நீங்களே தூக்கிப் போடணும். அதான் பிளான்! இதை யாரு தொட்டாங்க?”

“யாருமே தொடலம்மா. போலீஸ் மட்டும்தான்.”

“போலீஸா?”

“காலையில ஒன்பது மணிக்கு கிரைம் எஸ்.ஐ. மாணிக்கவேல்னு ஒருத்தர் மஃப்டியில வந்தாரு. வீடியோ பூரா பார்க்கணும்னாரு. ‘ஸ்ட்ராங்கா ஒரு காபி சொல்லுப்பா’ன்னாரு. நானே போய் வாங்கிட்டு வந்தேன். வடையோட!”

சத்யபிரியா மீட்பு சாஃப்ட்வேரை ஓடவிட்டாள். பத்து நிமிஷம். நூற்று நாற்பத்தெட்டு, உயிரோடு எழுந்து வந்தது!

மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்து எடுத்த காட்சி. பந்திக்கு நகரும் ஜனம். ஓரத்தில் அலங்கார அறைக் கதவு. கதவு திறக்கிறது...

கோட் போட்ட ஒரு ஆள் வெளியே வருகிறான். கையில் சிவப்பு வெல்வெட் பெட்டி!

சத்யபிரியா திரையில் அந்த ஆளின் முகத்தைப் பெரிதாக்கினாள்.

ஹேமநாத் திரையைத் தொட்டுக் காட்டினான்.

“இ... இவரு... மாணிக்கவேல் சார்!”

“சாரா? உங்க வடையைத் தின்ன திருடன் அண்ணா அவன்! மாப்பிள்ளை வீட்டாளுங்க இவனைப் பொண்ணு வீடுன்னு நினைச்சிருப்பாங்க. பொண்ணு வீட்டாளுங்க மாப்பிள்ளை வீடுன்னு நினைச்சிருப்பாங்க.”

வீடியோ அவள் போனுக்குப் போனது. அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனது. ஸ்டேஷனில் பேசி முடித்துப் போனை வைத்தாள்.

“பத்து நிமிஷத்துல வர்றாங்களாம். ஏண்ணா, இன்னும் ஏன் முழிக்கிறீங்க?”

“வந்து... வர்ற வழியில, அந்த மாணிக்கவேல் குடுத்துட்டுப் போன நம்பருக்குப் போன் பண்ணினேன். ஃபைல் காணோம், உன் கடையிலதான் எடுக்கப் போறேன்னு...”

“அண்ணா...!”

வாசலில் பைக் நின்றது. சத்யபிரியா சட்டென்று திரையிலிருந்த முகத்தை மூடிவிட்டு வேறு எதையோ ஓடவிட்டாள்.

அதே ஆள்! உள்ளே நுழைந்தான். கண் நேராக டிஸ்க்கின் மேல் விழுந்தது.

“ஃபைல் வந்துச்சா?”

ஹேமநாத் லேப்டாப் குவியலுக்குப் பின்னால் நகர்ந்தான். சத்யபிரியா மட்டும் சிரித்தாள்.

“இப்பதான் ஓடிட்டிருக்கு சார். உட்காருங்க.”

“வேணாம். எவிடென்ஸ். அப்படியே எடுத்துட்டுப் போறேன்.”

கேபிளுக்குக் கை நீண்டது.

“பிடுங்கிடாதீங்க சார்! பாதியில பிடுங்கினா வந்த வரைக்கும் என் கம்ப்யூட்டர்லயே தங்கிடும். முழுசா முடிஞ்சா எல்லாம் டிஸ்க்குக்கே போயிடும், எங்கிட்ட ஒண்ணும் இருக்காது. ரெண்டே நிமிஷம்.”

நீண்ட கை நின்றது. யோசித்தது. பின்வாங்கியது.

உட்கார்ந்தான்!

திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. மீதி: இரண்டு நிமிடம்.

ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால்... மீதி: நான்கு நிமிடம்!

“இன்னாம்மா இது, ஏறிக்கினே போவுது?” பதற்றத்தில் ‘எஸ்.ஐ.’யின் பாஷை கழன்றது.

“பெரிய ஃபைல் சார்...”

மீதி: ஒரு நிமிடம். அவன் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

மீதி: ஒன்பது நிமிடம்!

“பேஜாரா கீதே...!” எழுந்தான். திரும்பினான்.

வாசலை அடைத்துக்கொண்டு காக்கிச் சட்டையில் ஒரு பெண். பின்னால் ரெண்டு கான்ஸ்டபிள்கள்.

“வணக்கம் சார்!” என்றாள் அவள். “கிரைம் எஸ்.ஐ.ன்னு சொன்னீங்களாமே? நான் புஷ்பலதா. அந்த நாற்காலியில ரெண்டு வருஷமா நான்தான் உட்கார்ந்திருக்கேன். நீங்க எங்க சார் உட்கார்ந்தீங்க?”

ஓடப் பார்த்தான். நாலு கைகள் அமுக்கின. பைக் பெட்டியைத் திறந்தார்கள். சிவப்பு வெல்வெட்!

கால் மணி நேரத்தில் யேசுதாசன் ஹேமநாத்துக்குப் போன் பண்ணினார்.

“தப்பா பேசிட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காத. மறுவீட்டு விருந்துக்கு நீ கேமரா இல்லாம வரணும்.”

“சரிங்க... சரிங்க...” என்று ஹேமநாத் போனையே கும்பிட்டான்.

விலங்கோடு ஜீப்பில் ஏறப்போனவன், வாசலில் நின்று திரும்பினான். முறைத்தான்.

“உண்மையைச் சொல்லு. அங்க இன்னாதான் ஓடிக்கினு இருந்துச்சு?”

“எங்க அக்கா பையன் காதுகுத்து வீடியோ. பென் டிரைவ்ல ஏத்திட்டிருந்தேன்.” சத்யபிரியா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள். “எட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன் சார்... ‘ரெண்டு நிமிஷம்’னு கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி உட்கார்ந்த முதல் ஆள் நீங்கதான்!”