தேநீருக்கு முன் வந்த கஷாயம்

சூரியன் மறைந்ததும் மறையாததுமான அந்த அந்தி நேரத்தில், சீன தேசத்தின் தென்கோடித் துறைமுகத்தை வளைத்தோடிய பேராற்றின் மீது, மூங்கில் பாய் விரித்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையை நாடி வந்துகொண்டிருந்தன. கீழ்வானில் எழுந்த முழுமதி, கலங்கிய செந்நீரின் மேல் வெள்ளி முலாம் பூசிக்கொண்டிருந்தது. இந்த அழகையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைக்காத ஒருவன், கரையோரத்தில் இருந்த துறைமுக அதிகாரியின் மாளிகைக்குள் அச்சமயம் நுழைந்தான்.

அவன் பெயர் விடங்கன். நாகப்பட்டினத்து மிளகு வணிகன் என்றே ஊரார் அவனை அறிந்திருந்தார்கள். உங்களிடம் மறைப்பானேன், நேயர்களே! சோழ மன்னர் சீனச் சக்கரவர்த்திக்கு எழுதிய பொன்னோலை அவன் இடைக்கச்சைக்குள் இருந்தது. சோழநாடு தங்களுக்கு அடங்கிய சிற்றரசு என்று கடாரத்தார் சீன அரசவையில் அளந்துவைத்திருந்த பொய்யை உடைக்க அந்த ஓலை ஒன்றே போதும். அது தலைநகர் போய்ச் சேராமல் தடுக்க அவர்கள் கொலைக்கும் அஞ்சமாட்டார்கள்.

கூடத்தில் அதிகாரியைக் காணோம். பட்டு மெத்தையில் வேறொருவன் அமர்ந்திருந்தான்.

"வாருங்கள், சோழநாட்டாரே! அதிகாரி இதோ வந்துவிடுவார். விருந்துக்கு அழைத்துவிட்டுக் காக்கவைப்பதற்காக மிகவும் வருந்தினார். அதுவரை என்னைத் துணையிருக்கச் சொன்னார்."

"தாங்கள் யாரென்று தெரியவில்லையே?"

"கடாரத்துக் கற்பூர வணிகன் மகரதேவன். கப்பலை விட்டு இறங்கி நாலு நாள்தான் ஆகிறது."

கடாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் விடங்கனுக்குத் திக்கென்றது. ஆயினும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் அமர்ந்தான். அப்போது பணிப்பெண் ஒருத்தி இரண்டு கிண்ணங்களை வைத்துவிட்டுப் போனாள். அதிமதுரமும் நாரத்தைத் தோலும் கொதித்த மணம் எழுந்தது. தேநீர் அல்ல, கஷாயம்!

பத்து மாதங்களுக்கு முன், இதே கூடத்தில் நடந்தது அவன் நினைவுக்கு வந்தது. குச்சிகளால் சோறுண்ணப் பழகாமல், தயிருக்கு ஏங்கித் தவித்த நாட்கள் அவை. நுரை பொங்கக் கடைந்த தேநீரை முதலில் கொடுத்தார்கள். பேச்சு முடிந்ததும் கஷாயம் வந்தது. நம் ஊரில் நோயாளிக்கல்லவா கஷாயம்? "எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே!" என்று பதறிய விடங்கன், மரியாதைக்காக அதைக் குடித்து, போதாததற்கு இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். மரச் சாளரத்துக்குப் பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"வணிகரே, எங்கள் நாட்டில் வந்தவருக்குத் தேநீர், புறப்படுகிறவருக்குக் கஷாயம். தாங்கள் இரண்டு முறை விடைபெற்றுக்கொண்டும் எழுந்திருக்கவில்லையே!"

அவள் அதிகாரியின் ஒரே மகள் சூயின். அந்தச் சிரிப்பை மறுபடி கேட்பதற்காகவே, ஒன்றுமில்லாத மனுக்களையெல்லாம் தூக்கிக்கொண்டு அவன் எத்தனை முறை இங்கே வந்திருக்கிறான்!

இன்று தேநீர் வரவில்லை. வந்தவுடனே கஷாயம் வந்திருக்கிறது. இக்கணமே போய்விடு என்கிறாள் சூயின்!

"ஆகா, என்ன சுவை!" என்று உறிஞ்சிக் குடித்தான் மகரதேவன்.

"என் பங்கையும் தாங்களே அருந்துங்கள். அந்தி வழிபாட்டுக்கு நேரமாகிவிட்டது. படித்துறையில் கை கால் கழுவி, இறைவனைத் தொழுதுவிட்டு வருகிறேன்."

வாசலில் காவல் இருக்கிறது என்ற துணிச்சலில், மகரதேவன் சிரித்துக்கொண்டே தலையசைத்தான்.

தோட்டத்தைக் கடந்து படித்துறையில் இறங்கிய விடங்கன், அங்கே ஒதுங்கியிருந்த படகொன்றில் தாவி ஏறினான். படகிலேயே குடித்தனம் நடத்தும் முதியவள் ஒருத்தி துடுப்பை வலித்தாள். நடு ஆற்றை அடைந்து திரும்பிப் பார்த்தபோது, மாளிகையின் சாளரங்கள்தோறும் தீவட்டிகள் ஓடின.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கூடத்தில் அந்தக் கிண்ணங்கள் அப்படியே இருக்கும். கடாரத்தானுக்கு அவற்றின் பொருள் தெரியாது. ஆனால் அவனுக்கு உடந்தையான அதிகாரிக்கு ஒரே பார்வையில் விளங்கிவிடும், அனுப்பியது யாரென்பதும்கூட. அது தெரிந்தேதான் சூயின் அனுப்பியிருக்கிறாள்! திரும்பிவிடலாமா என்று அவன் நெஞ்சு துடித்தது. இடைக்கச்சையில் பொன்னோலை உறுத்தியது. விடங்கன் வாய்விட்டு அழுதான்.

குளிரில் நடுங்குகிறான் என்று எண்ணிய முதியவள், அடுப்பிலிருந்து சூடான தேநீரை ஊற்றி நீட்டினாள். அவன் கிண்ணத்தைத் தொடவில்லை. எழுந்து நின்று, மாளிகையை நோக்கிக் கைகூப்பினான்.

"சூயின்! இந்த ஓலையைச் சக்கரவர்த்தியின் கையில் சேர்த்துவிட்டு வருவேன். வணிகனாக அல்ல, சோழ மன்னரின் தூதனாக உன் வீட்டுத் தலைவாசல் வழியே வருவேன். உன் கையால் நீ தரும் தேநீரைப் பருகும் வரை, வேறு எவர் தரும் தேநீரும் என் உதட்டில் படாது. தில்லைக் கூத்தன் மேல் ஆணை!"

தமிழ் அறியாத முதியவள் அவனைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு தேநீரைக் கெண்டியிலேயே ஊற்றிவிட்டு, தலைநகர் இருக்கும் வடக்கு நோக்கித் துடுப்பை வலித்தாள்.