தோளில் காயாத ஈரம்

மாலை நாலு மணிக்கு எழுந்து அவன் சமையலறைக்கு வந்தபோது எவர்சில்வர் டம்ளர் ஒன்று மேடைமேல் நசுங்கிக் கிடந்தது. கீழே விழுந்து நசுங்கியதல்ல. விழுந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் இருக்கும். இது இரண்டு பக்கமும் உள்வாங்கி நடுவில் ஒடுங்கியிருந்தது, யாரோ கையில் பிடித்து இறுக்கியதுபோல.

நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் அவன் இரவு ஷிப்ட் ஆபரேட்டர். ஒன்பது மணிக்குப் போய்க் காலை ஏழுக்குத் திரும்புவான். பதினோரு வருடப் பழக்கத்தில், மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். உலோகம் எதற்கு வளையும், எதற்கு வளையாது என்று அவனுக்குத் தெரியும். டம்ளரைத் தன் கைக்குள் பொருத்திப் பார்த்தான். முழுப் பலத்தோடு அழுத்தினால் தன்னால் முடியும் என்று தோன்றியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் முடிந்திருக்காது.

"இது யார் பண்ணது?"

மனைவி திரும்பவில்லை. "பழைய டம்ளர். விடுங்க."

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன் வெறும் சக்கையாக இருந்தான். படியேறினால் மூச்சு வாங்கும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் முன்பே கண் சொருகும். மனைவி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவான். கோபம் ஒன்றுமில்லை, கேட்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். டாக்டர் இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார். "டெஸ்டோஸ்டிரோன் இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல," என்று ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். அழுத்தினால் ஜெல் வரும் வெள்ளைப் பாட்டில். தினமும் குளித்தபின் இரண்டு அழுத்து, தோளுக்கு ஒன்று. காய்ந்தபின் சட்டை போட வேண்டும். கையைச் சோப்பால் கழுவ வேண்டும். "வீட்டுல குழந்தை இருக்கில்ல? தடவின இடம் குழந்தைமேல படவே கூடாது."

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் அவன். காலையில் வந்து குளிப்பான். ஜெல்லைத் தடவி, ஸ்பிரிட் வாசனையோடு அந்தக் குளிர்ச்சி காயும்வரை கைகளை விரித்து நிற்பான். பிறகு பழைய பருத்திச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்கப் போவான். மாலையில் எழுந்ததும் அதைக் கழற்றித் துணிக்கூடையில் போடுவான். மகளைத் தூக்குவதை முதல் நாளே நிறுத்திவிட்டான்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. மகளுக்கு நாலு வயது. வீட்டில் பட்டு என்று கூப்பிடுவார்கள். அவன் வேலையிலிருந்து வந்ததும், அடி வைத்தால் கீச் கீச்சென்று கத்தும் சிவப்புச் செருப்போடு ஓடிவந்து, இரண்டு கையையும் மேலே நீட்டி, "அப்பா, தூக்கு," என்பாள். தூக்கினால் முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொள்வாள். இப்போது அவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "அப்பா தோள்ல மருந்து இருக்குடா." நீட்டிய கையை இறக்காமலே நின்று அழுதாள். இரவில் தூங்க மறுத்தாள்.

ஒரே வாரத்தில் மனைவி வழி கண்டுபிடித்தாள்.

"நீங்க கழட்டிப் போட்ட சட்டைய அவகிட்ட குடுத்தேன். மூஞ்சிய மூடிக்கிட்டு அஞ்சே நிமிஷத்துல தூங்கிட்டா. துவைச்சதக் குடுத்தா வீசி எறியறா கழுதை. அப்பா வாசம் வேணுமாம்."

அவனுக்கு மனம் நெகிழ்ந்தது. "என் வாசமா? கிரீஸ் வாசம்."

"உங்களையும் சேத்து வீட்டுல எனக்கு ரெண்டு கழுதை."

மருந்து வேலை செய்தது. மூன்றாம் வாரம் படிகளை இரண்டிரண்டாக ஏறினான். இறுகிக் கிடந்த வால்வு ஒன்றை ஒற்றை ஆளாகத் திறந்தான். "என்னய்யா, நீ உள்ள வந்தா மோட்டாரே எழுந்து நிக்குது," என்று சிரித்தார் அவனோடு ஷிப்டில் இருக்கும் வயதான பிட்டர். ஐந்தாம் வாரம், இடம் மாற்றி வைத்த ஒரு ஸ்பேனருக்காக, அதே பிட்டரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். பிட்டர் சிரிக்கவில்லை.

"கைய எடு தம்பி," என்றார் மெதுவாக. "உன் மூஞ்சி சரியில்ல."

டம்ளர் நசுங்கியது அதற்கு மறுநாள். அடுத்த வாரம் குளியலறைக் கதவின் கைப்பிடி வளைந்திருந்தது. கூடத்துச் சுவரில், இடுப்புக்குக் கீழே, சிமென்ட் பூச்சு உதிர்ந்து ஒரு குழி. ஒரு மாலை, பின்கட்டில் பக்கத்து வீட்டுப் பழுப்புப் பூனை கிடந்தது. ஈரத்துணியைப் பிழிந்ததுபோல அதன் கழுத்து மூன்று சுற்று முறுக்கியிருந்தது. முன்கால் ஒன்று உடம்போடு இல்லை. யாரும் பார்க்கும்முன் அவனே குழி தோண்டிப் புதைத்தான். தோண்டும்போது தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் ஒன்றுமில்லை. கழுவியிருப்பேன், என்று நினைத்தான். தூக்கத்தில் எழுந்து வந்து, செய்துவிட்டு, கழுவிக்கொண்டு போய்ப் படுத்திருப்பேன். சொன்னபடி செய்கிறவன். சோப்புப் போட்டுக் கழுவியிருப்பேன்.

எல்லாமே அவன் தூங்கும் பகல் நேரத்தில்தான் நடந்தது. வீட்டில் புதிதாக ஒரு நாற்றமும் சேர்ந்திருந்தது. மத்தியான வெயிலில் உழைத்துவிட்டு வந்த ஓர் ஆணின் புளித்த வியர்வை. அவன் தன் அக்குளை முகர்ந்து பார்த்தான்.

அன்று இரவு சோறு போடும்போது மனைவியின் கைமேல் நாலு நீலத் தடங்களைக் கண்டான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நெருக்கமாக. அவன் பார்ப்பதைக் கண்டு அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நானா?"

"நீங்க இல்ல," என்றாள், கொஞ்சம் வேகமாகவே.

"அப்புறம் யாரு?"

அவள் திரும்பி, கூடத்தில், தையல் மெஷினுக்கடியில் உட்கார்ந்து பட்டன்களை அடுக்கிக்கொண்டிருந்த பட்டுவைப் பார்த்தாள். குழந்தை காதில் விழக்கூடாது என்று பயப்படுகிறாள், என்று அவன் நினைத்தான்.

"பட்டுவ டாக்டர்கிட்ட காட்டணுங்க," என்றாள் மெல்ல. "தொண்ட கட்டினது மூணு வாரமா சரியாகல. ரெண்டு மாசத்துல ரெண்டு தடவ செருப்பு மாத்தியாச்சு, அதே மாதிரிதான் வேணும்னு அழறா. புதுசும் இப்ப பத்தல."

பேச்சை மாற்றுகிறாள் பாவம், என்று நினைத்தான். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது ஓர் இரும்புக் கொண்டியும் பூட்டும் வாங்கி வந்தான். படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கம் நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கினான், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். ஜன்னலில் ஏற்கெனவே கம்பி இருந்தது. ஒரு வாளியும் தண்ணீர்ப் பாட்டிலும் உள்ளே வைத்தான். குளித்து, இரண்டு அழுத்து தடவி, சட்டை மாட்டிக்கொண்டு வந்து சாவியை நீட்டினான். மனைவி அதை வாங்காமல் நின்றாள்.

"இது எதுக்குங்க? நான் ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. ஒக்காந்து, நிதானமா."

"சாயங்காலம் சொல்லு. நாலு மணிக்கு முன்னாடி நான் என்ன சத்தம் போட்டாலும் திறக்காத. கெஞ்சினாலும் திறக்காத. அது நானில்லன்னு நினைச்சுக்கோ."

அவள் கண் கலங்கியது. சாவியை வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், கொடியில் அவனுடைய பழைய சட்டைகள் அத்தனையும் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கடியில் பட்டு நின்றிருந்தாள். கையை மேலே நீட்டியிருந்தாள். சட்டைக்கா, தனக்கா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பூட்டு விழுந்தது.

வெகுநாள் கழித்து அவனுக்கு நிம்மதியாக இருந்தது. கறுப்புத் திரைக்குள் அறை கிணறுபோல இருண்டு கிடக்க, வெளியே அவள் தையல் மெஷினின் தடதடப்பும், நூல் தீர்ந்தால் ஒரு இடைவெளியும், மறுபடி தடதடப்புமாக, அந்தச் சத்தம் சீராக ஓடும் ஒரு நல்ல மோட்டாரைப்போல அவனைத் தாலாட்டியது. தூக்கம் வரும்வரை மருந்துப் பெட்டியிலிருந்த தாளை எடுத்து, திரையோரத்து வெளிச்சத்தில் பிடித்தான். முன்பக்கம் மனப்பாடம். பின்பக்கத்தை அவன் படித்ததே இல்லை. பொடி எழுத்து. தடவிய இடத்தைத் தொட்ட உடை, விரிப்பு ஆகியவற்றைத் துவைக்காமல் மற்றவர்கள், குறிப்பாகக் குழந்தைகள் பயன்படுத்தக் கூடாது.

மனதுக்குள் எங்கோ ஒரு மூலையில் ஏதோ இடறியது. அது என்னவென்று எட்டிப் பிடிப்பதற்குள் தூங்கிப்போனான். கடைசியாகக் கேட்டது, கூடத்தில் கீச்சுச் செருப்பு நடக்கும் சத்தம். கீச். வெகுநேரம் கழித்து, கீச். செருப்பு தேய்ந்துவிட்டது போலிருக்கிறது. ரொம்பக் கனமாகக் கேட்டது.

விழித்தது எதனாலென்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மெஷின் நின்றிருந்தது. நூல் மாற்றும் இடைவெளி அல்ல, அதைவிட நீளம். அந்த அமைதிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். அடிநெஞ்சிலிருந்து, கரகரவென்று.

"சட்டை," என்றது ஒரு குரல்.

கட்டையான, உடைந்த குரல். ஆணின் குரல்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். வீட்டுக்குள் எவனோ புகுந்திருக்கிறான். இத்தனை நாளும் இவன்தான். நானில்லை. பயத்துக்குள்ளும் ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எல்லாம் துவைச்சாச்சு," என்றாள் மனைவி. "அப்பறம் தரேன். கத்திரிக்கோலக் கீழ வை."

"சட்டை."

"வை கீழ. அம்மா சொன்னா..."

மெஷின் கவிழ்ந்தது. அத்தனை எடையுள்ள இரும்பும் பலகையும் ஒரே வீச்சில் தரையில் மோதிய அதிர்வு அவன் பாதம்வரை வந்தது. அவன் கதவில் பாய்ந்து தோளால் இடித்தான். "யார்ரா அது? திறடி! கதவத் திற!"

"சத்தம் போடாதீங்க!" என்று அவள் கத்தினாள். "உங்க குரல் கேட்டா இன்னும்..."

ஓர் அடி விழுந்தது. தசைமேல் விழும் சத்தம். மறுபடி. மறுபடி. எலும்பு முறிவதும் ஒரு சத்தம்தான். பழைய பிளாஸ்டிக் குழாய் ஒடிவதுபோல. கத்திரிக்கோலின் இரண்டு அலகும் சேரும் சத்தம். துணி வெட்டும்போது வரும் அதே சத்தம். ஆனால் ஈரமாக. அவள் அலறல் பாதியில் நின்றது.

அவன் கதவை உதைத்தான். இடித்தான். நகம் பெயர்ந்தது. கொண்டி அசையவில்லை. அவனே போட்டது. நன்றாகப் போட்டிருந்தான்.

பிறகு அமைதி. கவிழ்ந்த மெஷினின் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக. இன்னும் மெதுவாக. நின்றது.

அவன் தரையில் படுத்துக் கதவிடுக்கில் கண்ணை வைத்தான்.

வெயில் விழுந்த தரை. வெள்ளை நூல்கண்டு ஒன்று உருண்டு வந்தது. அது உருண்ட வழியெல்லாம் நூல் சிவப்பாக இருந்தது. அப்பால் அவள் கை. விரல் நுனியில், ஊசி குத்தாமலிருக்க மாட்டும் தையல் குப்பி. அந்த விரல் ஒருமுறை தரையைத் தட்டியது. அப்புறம் தட்டவில்லை.

கீச்.

உயிரோடிருக்கிறாள். பட்டு உயிரோடிருக்கிறாள்.

"பட்டு," என்றான் கிசுகிசுப்பாக. "ஓடுடா. வெளிய ஓடு. அவன் பாக்கறதுக்குள்ள ஓடு."

கீச்.

கீச்.

சிவப்புச் செருப்பு இடுக்கின் முன்னால் வந்து நின்றது. தையல் பிரிந்து, வார் அறுந்து, பிதுங்கி வெளியே வந்திருந்த பாதம். தடித்த விரல்கள். கணுக்காலில் கறுகறுவென்று முடி. கூடத்தில் வேறு கால்கள் இல்லை. அந்தப் புளித்த வியர்வை நாற்றம் இடுக்கு வழியாக அவன் முகத்தில் அடித்தது. எதையோ முகரும் சத்தம். நீளமாக.

"அப்பா," என்றது அந்தக் கட்டைக் குரல், அந்தச் செருப்புக்கு மேலேயிருந்து. "சட்டை குடு."

நாலு நீலத் தடங்கள். நெருக்கமாக. சின்னக் கை.

அவன் சட்டையைக் கழற்றினான். பட்டன்கள் தெறித்தன. சுருட்டி, இடுக்கு வழியாகத் தள்ளினான். சின்ன விரல்கள் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டன. முகர்ந்தது. துணி கிழியும் சத்தம். சப்பும் சத்தம். அவன் பின்னால் நகர்ந்தான். சுவர்வரை. வெற்றுத் தோளில் வியர்வை ஊறி, காய்ந்த ஜெல் மறுபடி ஈரமானது. ஸ்பிரிட் வாசனை எழுந்தது.

வெளியே சப்பும் சத்தம் நின்றது.

மரம் முனகியது. டிங் என்று ஏதோ தரையில் விழுந்து உருண்டது. ஸ்க்ரூ. அவனுக்குச் சத்தத்திலேயே தெரியும்.

இரண்டாவது.

மூன்றாவது.

"அங்கேயே இருடா," என்றான். "அப்பா தோள்ல மருந்து இருக்கு."

நாலாவது விழுந்தது.

கதவு திறந்து வெளிச்சம் உள்ளே வந்தது. வாசலில் பட்டு நின்றிருந்தாள், அதே நாலு வயது உயரத்தில், அதே பூப்போட்ட கவுனில். முழங்கைவரை சிவப்பு. வலது கையில் கத்திரிக்கோல். வாயோரத்தில் சட்டையின் நூல் ஒட்டியிருந்தது.

அவள் இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"அப்பா," என்றாள். "தூக்கு."