உறையாத திரவம்

பம்ப்பை நிறுத்திய பிறகும் குழாய் துடித்துக்கொண்டிருந்தது.

நூரீன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பனி ஊர்களுக்கான பேட்டரியைச் சோதிக்கும் குளிர் அறைக்குள் அவள் நின்றிருந்தாள். இரண்டு தொட்டிகளிலிருந்து மஞ்சள் திரவம் குழாய் வழியே ஓடி மின்சாரத்தைத் தேக்கும். அதிலுள்ள ரசாயனத்தைத் தண்ணீரில் கரைத்தால் பனியில் கல்லாகிவிடும் என்று உறையாத கரைப்பானில் கரைத்திருந்தார்கள். அது எங்கோ கசிகிறது என்று இனிப்பான ஒரு வாடை சொன்னது.

"என்னாக்கா, ஊட்டி டூரு எப்படி?" சுவர் ஸ்பீக்கரில், அறைக்கு வெளியே நின்ற உதவியாள் செம்மலின் குரல். "இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. நீ சொன்னாப்புல டீக்கடைக்கு ஓடல, வெளியவேதான் கீறேன்."

அவள் பதில் சொல்லவில்லை. குளிரில் வாயைத் திறந்தால் பல் கூசும் என்பதால் அங்கே ஒரு வழக்கம்: மௌனம் என்றால் சரி. கோளாறு என்றால்தான் கத்த வேண்டும்.

கையுறையோடு தொட்டால் ஈரம் தெரியாது. எல்லோரும் செய்வதுபோல் அதைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் இணைப்புகளைத் தடவிக்கொண்டே போனாள். குளிர் நகத்துக்கடியில் ஊசியாய் இறங்கி, விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாய் மரத்துப்போக, விசிறியின் உறுமல் மட்டும் தூரத்துக் கடல்போல் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி இணைப்பில் விரல் நின்றது.

வெதுவெதுப்பு. மரத்த விரலுக்கே தெரிந்தது.

துடிப்பு இதயம்போல் இரண்டிரண்டாக வந்தது. அவள் பயந்தாள், அது வேகமெடுத்தது. மூச்சை அடக்கினாள், அது தயங்கியது.

மரத்துப்போயிருந்த மறு கையால் மணிக்கட்டில் நாடி பார்த்தாள். இல்லை. கழுத்தில். இல்லை. மரத்த கைக்குத் தெரியாதுதான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் குழாயின் துடிப்பு தெரிந்ததே.

பயம்கூட வேறு யாருக்கோ வருவதுபோல் இருந்தது. குழாயிலிருந்து விரலை எடுத்தாள். கண் இருட்டியது. தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பம்ப்பு நின்னுடுச்சில்ல? தொட்டியக் காலி பண்ணிடறேன். வால்வத் திறக்கட்டா?"

வேண்டாம்.

உதடு அசையவில்லை.

"சத்தத்தையே காணோம். அப்ப சரி."

கதவின் நீளக் கண்ணாடி வழியே அவன் தெரிந்தான். சுவருக்கு வெளியே நீட்டியிருந்த வால்வின் முன் குந்தி, எதையோ முணுமுணுத்தபடி அதைத் திருப்பினான். வெள்ளைக் கேனுக்குள் திரவம் சீராக விழவில்லை. குழாயின் துடிப்பைப் போலவே இரண்டிரண்டாகப் பீய்ச்சி, நின்று, மறுபடி பீய்ச்சியது.

கேனில் கைவைத்தவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னாக்கா, ரெஸ்ட்டா? இது ஏன் சூடா வருது?" என்று சிரித்தான்.

மஞ்சள் மட்டம் கேனில் ஏற ஏற, அவள் கண் இன்னும் இருட்டியது. அடுத்த பீய்ச்சல் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அதற்கடுத்தது வர, இன்னும்.