வாய் சொன்னதும் விரல் சொன்னதும்

அந்த அண்ணனைப் பார்த்ததுமே சி.ஐ.டி.க்குச் சந்தேகம் வந்துவிட்டது.

யாரையும் லேசில் நம்பமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். முழங்கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆனால், கை மடங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதனால்தான் அம்மா அவளைப் பிசியோதெரபி அறைக்குக் கூட்டிவந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

மாவுக்கட்டைப் பிரித்த டாக்டரைக் காணோம். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு அண்ணன் வெறுங்காலுடன் நின்றிருந்தார். மூலையில் கண்ணாடி போட்ட மேடம் ஒருவர், கையில் பேனாவுடன். இவருக்கு இங்கே என்ன வேலை?

"நீங்க நிஜ டாக்டர்தானா?"

"இல்லம்மா. பிசியோதெரபி படிக்கிறேன், கடைசி வருஷம். இன்னைக்குப் பரீட்சை. அந்த மேடம்தான் மார்க் போடுவாங்க."

"கேள்வித்தாள் எங்கே?"

"உன் கைதான்."

அடக் கடவுளே! "பெயிலாயிட்டா?"

"ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் இதே பரீட்சை. பாஸானாதான் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு விடுவாங்க."

என் கையை வைத்தா பழகுகிறார்? ஆளைச் சோதித்துவிட வேண்டியதுதான். அவர் முழங்கையைத் தொட்டதுமே, "ஆ!" என்று அலறினாள்.

அண்ணன் அசரவில்லை. "வாய்தான் கத்துது. கால் விரல் சும்மாதானே இருக்கு? நிஜமா வலிச்சா அது சுருண்டுக்கும்."

பலே ஆள்தான்! பாதிச் சந்தேகம் போயே போச்சு.

கை மெல்ல மெல்ல மடங்கியது. இன்னும் கொஞ்சம்... சுளீர்! மேடம் பேனாவைத் திறந்தார். இப்போது கத்தினால் அண்ணனுக்கு மார்க் போய்விடுமோ? சி.ஐ.டி. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்லையே!"

அண்ணன் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"வலிக்கலைன்னுதானே சொல்றா? ஏன் நிறுத்தினே?" மேடத்தின் குரலிலும் சந்தேகம்.

"இவளுக்கு வலிக்குது மேடம்... அது வந்து..." அண்ணனுக்கு வாய் குழறியது.

சி.ஐ.டி. கீழே பார்த்தாள். அண்ணனுடைய கால் விரல்கள் சுருண்டு கிடந்தன. ஐயோ பாவம், எவ்வளவு பயம்!

"மேடம், நான்தான் பொய் சொன்னேன்! அண்ணா பெயிலாயிடக் கூடாதேன்னுதான். வேணும்னா என் காலைப் பாருங்க!"

மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அவளுடைய விரல்களும் இன்னும் நிமிரவில்லை.

"ஓஹோ!" என்றார் மேடம். ஏதோ எழுதினார். பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு எப்போ வர்றே?"

அண்ணன் பதில் சொல்லும் முன்பே சி.ஐ.டி. குனிந்து பார்த்துவிட்டாள். அவருடைய விரல்கள் எல்லாம் நிமிர்ந்திருந்தன.