மலைத்தோளனின் பழம்

மழைநீர் ஒழுகியதால்தான் அந்தப் பெட்டி பரணைவிட்டு இறங்கியது.

அம்மா ஏணியில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மகள் கீழே நின்று வாங்கி அடுக்கினாள். கம்பி ஒடிந்த குடை, ஒற்றைச் செருப்பு, பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுத் தான் மட்டும் மிஞ்சிய ஒரு மூடி. கடைசியாக வந்தது ஒரு கனமான தகரப் பெட்டி.

“இதுல என்னம்மா இருக்கு?”

“ஒண்ணுமில்ல. அப்படியே ஓரமா வை.”

ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பெட்டியைத் திறக்காமல் இருக்கும் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. அம்மா ஏணியை மடித்து வைக்கப் போன நேரத்தில் அவள் மூடியை நெம்பித் திறந்தாள்.

அவளுக்குப் பத்து வயது. பள்ளியில் அவளைச் ‘சிவப்பு மை’ என்று அழைப்பார்கள். கடைப் பலகையோ பேருந்துச் சீட்டோ, எங்கே எழுத்துப் பிழை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கண்டதைச் சொல்லாமல் இருக்கவும் அவளால் முடியாது. அவளுக்குப் பின்னால் எப்போதும் ஆறு வயதுத் தம்பி நிற்பான். அதனால் அவன் பெயர் ‘வால்’.

பெட்டிக்குள் இருபத்து நான்கு சித்திரக்கதை இதழ்கள் இருந்தன. மேலே பெரிய எழுத்தில் ‘ஐம்படை’ என்று இருந்தது. அட்டையில் ஐந்து வீரர்கள் மேகத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள். இடியை அம்பாக எய்பவள் ஒருத்தி. காற்றின்மேல் நடப்பவன் ஒருவன். நிழலாகி மறையும் இரட்டையர் இருவர். ஐந்தாமவன் மலைத்தோளன். அவனுக்குப் பறக்கவும் தெரியாது, மறையவும் தெரியாது, தூக்கத்தான் தெரியும். பாலம் இடிந்தால் பாலத்தைத் தாங்குவான், கப்பல் கவிழ்ந்தால் கப்பலைத் தாங்குவான். தாங்கியபடியே, “என் பலம் எல்லாம் உங்களுக்கே!” என்று முழங்குவான்.

அன்று பள்ளிக்கு மழை விடுமுறை என்பதால், மாலைக்குள் இருவரும் எட்டு இதழ்களை முடித்துவிட்டார்கள். ஒன்பதாம் இதழில் சிவப்பு மை திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள்.

“என்னக்கா? என்னன்னு சொல்லேன்!”

அப்போதுதான் பெரியம்மா வேலையிலிருந்து வந்தார். அம்மாவின் அக்காவான அவர் அவர்களோடுதான் வசிக்கிறார். தெருக்கோடியில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடை அவருடையது.

“பெரியம்மா, இத கேளுங்களேன்! வில்லன் சொல்றான், ‘மலைத்தோளா, உன் பழத்தை என்னிடம் காட்டாதே!’ அதுக்கு இவரு, ‘என் பழத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? என் பழம் எல்லாம் உங்களுக்கே!’ உடனே ஜனங்க எல்லாம், ‘ஆகா! என்ன பழம்! என்ன பழம்!’ பலத்தைப் போய்ப் பழமாக்கிட்டாங்க! எந்த மேதாவி எழுதினாங்களோ, லவுக்கும் ழவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு!”

வால் குதித்துக் குதித்துச் சிரித்தான். பெரியம்மா சிரிக்கவில்லை. தோள்பையைக்கூட இறக்காமல் அந்தப் பக்கத்தையே பார்த்தபடி நின்றார்.

“இந்தப் பெட்டிய இத்தன வருஷமா வச்சிருந்தியா?” என்று தங்கையைக் கேட்டார். குரல் உயரவில்லை. “சனிக்கிழமை பழைய பேப்பர் வண்டி வரும். போட்டுடு.”

பிறகு தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சமையலறையில் அம்மா மெதுவாகச் சொன்னார். “அந்த மேதாவி உன் பெரியம்மாதான்.”

சிவப்பு மையின் முகத்தில் இருந்த சிரிப்பு வழி தெரியாமல் நின்றது.

“பத்தொன்பது வயசுல அவளுக்குக் கிடைச்ச முதல் வேலை அது. படத்துல ஆளுங்க பேசுறதெல்லாம் குமிழுக்குள்ள இருக்குல்ல, அதையெல்லாம் கையால எழுதுவா. முத்து முத்தா எழுதுவா. எட்டாவது இதழ்ல ‘ஐம்படை வாழ்க’ன்னு எழுதறதுக்குப் பதிலா ‘வால்க’ன்னு எழுதிட்டா.”

“நானா?” என்றான் வால்.

“நீ இல்லடா. அச்சுக்குப் போறதுக்கு முன்னாலயே அதப் பார்த்துட்டு ஆசிரியர் எல்லார் முன்னாலயும் திட்டிட்டாரு. அந்தப் பயத்துல அடுத்த இதழ்ல எந்த இடத்துல சந்தேகம் வந்தாலும் ழ போட்டா.”

“அதனாலதான் பழம்...”

“ஆமா. அச்சாகி ஊரெல்லாம் போன பிறகுதான் யாரோ பார்த்தாங்க. மறுநாள்லேருந்து அவ மேசையில தினமும் ஒரு பழம் இருக்குமாம். கூட வேலை செஞ்சவங்க வைப்பாங்க, கேலிக்கு. அஞ்சாவது பழத்தோட வேலைய விட்டுட்டா. அந்தப் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுவா. அப்புறம் வந்த இதழ்கள்ல மலைத்தோளன் இடுப்புல பழக்கூடையே வரைஞ்சாங்க. இவளக் கிண்டல் பண்றதுக்குன்னு நினைச்சேன். அவ கண்ணுல படக்கூடாதுன்னுதான் பரண்ல ஏத்தி வச்சேன்.”

சிவப்பு மை பெரியம்மாவின் அறைக்கதவு வரை போனாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். தட்டாமலே திரும்பி வந்துவிட்டாள்.

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. கிண்டல் என்று அம்மா சொன்னது அவள் மனத்தில் முள்ளாகக் குத்தியது. ஒருவரைக் கிண்டல் செய்ய ஒரு வருடம் முழுக்கவா கூடை வரைவார்கள்? பள்ளி விட்டு வந்ததும் அவள் மீதி இதழ்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். இம்முறை பிழை தேடவில்லை. கதையைப் படித்தாள், விளம்பரத்தைப் படித்தாள், யாருமே படிக்காத பொடி எழுத்துப் பகுதிகளையும் விடாமல் படித்தாள். வியாழக்கிழமை பன்னிரண்டாம் இதழின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, நிமிர்ந்து உட்கார்ந்து அதை மறுபடியும் படித்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனாள்.

கடையில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கண்ணாடி முன் அமர்ந்திருந்தார். தொலைவில் வரும் லாரியின் எண் தெரிகிறது, கையில் இருக்கும் சீட்டின் எண் தெரியவில்லை என்பது அவர் குறை. பெரியம்மா புதுக்கண்ணாடியின் காம்பைச் சூடுகாட்டி வளைத்து, அவர் காதில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, இந்தப் பக்கம்?” என்றார் பெரியம்மா. மூன்று நாளாக அவர் பேச்சு அளவாகத்தான் இருந்தது.

“சும்மாதான் பெரியம்மா.” மன்னிப்புக் கேட்க வந்தவள் அலமாரியில் இருந்த கண்ணாடிகளை எண்ணத் தொடங்கினாள்.

பெரியம்மா எழுத்து அட்டையை ஓட்டுநரிடம் நீட்டினார். “இதப் படிங்க.”

“இது நேத்தே மனப்பாடம் ஆயிடுச்சும்மா. கண்ண மூடிக்கிட்டே சொல்லட்டுமா?”

“கண்ண மூடிக்கிட்டுப் படிக்கிறதுக்குக் கண்ணாடி எதுக்குங்க?” பெரியம்மா திரும்பினார். “உன் பையில பொடி எழுத்துல ஏதாவது இருக்கா?”

சிவப்பு மை பையைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. அவள் பன்னிரண்டாம் இதழை எடுத்துக் கடைசிப் பக்கம் மட்டும் தெரியுமாறு மடித்து ஓட்டுநரிடம் கொடுத்தாள். பெரியம்மா கவனிக்கவில்லை. குனிந்து ஒரு சிறு திருகைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவும் குரலில் படித்தார்.

“‘வாசகர் கடிதம். ஆசிரியர் ஐயா, பத்தாம் இதழில் மலைத்தோளன் தம் பழத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பழம் தீர்ந்துவிட்டதா? எங்கள் தெருவில் எல்லோரும் கவலையாக இருக்கிறோம்.’ அடடே, நல்லா தெரியுதும்மா! என்ன பழம் இது?”

பெரியம்மாவின் கையில் இருந்த திருப்புளி நின்றது.

“மேல படிங்க மாமா,” என்றாள் சிவப்பு மை.

“‘ஐயா, என் தம்பிக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்திருந்தான். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றான். ஒன்பதாம் இதழை நான் படித்துக் காட்டினேன். மலைத்தோளன் கப்பலைத் தூக்கியது பழத்தால்தானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். எழுந்து உட்கார்ந்து, எனக்கும் ஒன்று கொடு என்றான். இப்போது ஓடுகிறான். பழம் என்று எழுதியவருக்கு எங்கள் வீட்டில் அனைவரும் நன்றி சொல்கிறோம்.’”

ஓட்டுநரின் குரல் தானாகவே தணிந்தது. அடுத்த பகுதியை மெல்லப் படித்தார்.

“‘ஆசிரியர் பதில். இப்படி நூற்றுப் பதினாறு கடிதங்கள் வந்துள்ளன. உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அது பழம் அல்ல, பலம். எங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். நீங்கள் அதை நேசித்தீர்கள். அடுத்த இதழ் முதல் மலைத்தோளன் பழக்கூடையோடு வருவார். அந்த எழுத்தை எழுதிய பெண் எங்களை விட்டுப் போய்விட்டார். குமிழ்களை இப்போது நான்தான் எழுதுகிறேன். என் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரைத் திட்டியதற்கு வருந்துகிறேன். அவருக்கு நம் அனைவரின் நன்றி. இதைப் படித்தால் அவர் திரும்பி வரவேண்டும்.’”

ஓட்டுநர் இதழைக் கீழே இறக்கினார்.

“பாவம் அந்தப் பொண்ணு,” என்றார் ஓட்டுநர். “அப்புறம் திரும்பி வந்துச்சா?”

“இல்லீங்க,” என்றார் பெரியம்மா. “அவங்க இத இன்னிக்குத்தான் கேக்குறாங்க.”

ஓட்டுநர் பெரியம்மாவைப் பார்த்தார். சிறுமியைப் பார்த்தார். மறுபடியும் பெரியம்மாவைப் பார்த்தார். புதுக்கண்ணாடி நன்றாகவே வேலை செய்தது.

“நான் சரியாப் படிச்சேனாம்மா?”

“ரொம்ப நல்லா படிச்சீங்க. இன்னொரு தடவ படிங்களேன்.”

“கண்ணாடி சரியா இருக்கான்னு பார்க்கவா?”

“இல்லீங்க. எனக்காக.”

அவர் மறுபடியும் படித்தார், முதல் வரியிலிருந்து, ஒரு சொல்லும் விடாமல். பெரியம்மா தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிய உடனே அது மீண்டும் மங்கியது.

ஓட்டுநர் போன பிறகு சிவப்பு மை மேசையோரம் வந்து நின்றாள்.

“பெரியம்மா, அன்னிக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது. நீங்கன்னு தெரியாம...”

“யாரா இருந்தா என்ன?”

“ஆமா. யாரா இருந்தாலும் மேதாவின்னு சொல்லியிருக்கக் கூடாது.”

பெரியம்மா அவள் தலையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “சிரிப்பு வர்ற மாதிரி இருந்தா யாரு சிரிக்க மாட்டா? வில்லன் எவ்வளவு கோபமா நிக்கிறான்! ‘உன் பழத்தை என்னிடம் காட்டாதே’ன்னு...” அவரால் முடிக்க முடியவில்லை. தோள் குலுங்கியது. அழுகையோ என்று சிவப்பு மை அஞ்சி நிமிர்ந்தாள். சிரிப்புதான்.

சனிக்கிழமை காலையில் வாசலில் மணி அடித்தது. பழைய பேப்பர் வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“தகரப் பெட்டி ஒண்ணு போடணும்னு சொன்னீங்களே?”

“சொன்னேன், புத்தி கெட்டுப் போய்,” என்றார் பெரியம்மா. “அந்த மூலையில கம்பி ஒடிஞ்ச குடை இருக்கு, எடுத்துக்கங்க.”

“பேப்பர் வண்டிக்குக் குடையா? சரி, கொடுங்க. மழை வருது.”

வண்டி போனதும் பெரியம்மா பெட்டியை நடுக்கூடத்துக்கு இழுத்து வந்து தரையில் உட்கார்ந்தார். எண்ணிப் பார்த்தார். இருபத்து நான்கும் இருந்தன.

“நான் எழுதுனது ஒன்பதுதான். மீதி எல்லாம் எதுக்கு வாங்கின?” என்று தங்கையைக் கேட்டார்.

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “எனக்கு அப்ப எட்டு வயசுக்கா. கடிதமெல்லாம் யாரு படிச்சா? உன் எழுத்து மறுபடி வந்துடுச்சான்னு மாசாமாசம் குமிழ மட்டும் பார்ப்பேன்.”

“ஒரு வருஷத்துக்கு மேலயா?”

“அவங்க நிறுத்துற வரைக்கும்.”

பெரியம்மா எட்டி அம்மாவின் கையைப் பற்றினார். மடித்த துணி அவிழ்ந்து விழுந்தது. இருவருமே அதை எடுக்கவில்லை. “நீ வாங்காம இருந்திருந்தா எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்டி,” என்றார்.

வால் ஒன்பதாம் இதழைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். “பெரியம்மா, இத நீங்களே படிங்க! அந்தப் பழத்த!”

“அது எனக்கு மனப்பாடம்டா கண்ணு,” என்றார் பெரியம்மா. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவரில் சாய்ந்தார். இரு பிள்ளைகளும் உட்கார இரண்டு பக்கமும் இடம் விட்டார். “பத்தாவது இதழ எடுங்க. அதுக்கப்புறம் கதையில என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது.”